எஸ்டிபியை அணைக்கச் சொல்லும் புண்ணியவான்களுக்கு

டிஸ்கி: இது முழுக்க முழுக்க பொட்டி தட்டறவன் புலம்பல். சினிமா விமர்சனம் எதிர்பார்த்து வந்தவங்க மன்னிச்சு அப்படியே திரும்பிடுங்க. கமாண்டையெல்லாம் தமிழ்லயே எழுதியிருக்கேன், டெர்மினல்ல அடிக்கறப்ப இங்கிலீஷ்ல அடிச்சுக்கங்க.

ரெண்டு மாசமா ஆபீஸ்ல ஆணி அதிகம், இந்தப் பக்கமே எட்டிப் பாக்க முடியலை. நேத்து ராத்திரி தூக்கம் வராம எதையோ தேடிக்கிட்டு இருந்தப்ப ஒரு கட்டுரை கண்ணுல பட்டுது. லினக்ஸ்ல பிரிட்ஜ் போடறது எப்படி, அஞ்சே நிமிஷத்துல. பிரிட்ஜை உருவாக்கு, நெட்வொர்க் கார்டை அதுல சேரு, எஸ்டிபியை ஆஃப் பண்ணு, ஃபார்வர்டு டிலேயை ஜீரோ ஆக்கு. அவ்வளவுதான், டீ குடிக்கப் போகலாம். ஏன் ஆஃப் பண்ணணும்? ஒரு வார்த்தை கிடையாது. எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்லை. பாதிக் கோவம் அதை எழுதினவர் மேல. மீதி யார் மேலங்கறதைப் பின்னாடி சொல்றேன்.

விஷயம் தெரியாதவங்களுக்கு முதல்ல கொஞ்சம் விளக்கம். பிரிட்ஜுன்னு சொன்னா எங்கம்மா சமையக்கட்டுல இருக்கறதைத்தான் நினைப்பாங்க. இது வேற. மேஜைக்குக் கீழ தூசி படிஞ்சு கிடக்குமே எட்டு போர்ட் சுவிட்ச், அதையே லினக்ஸ் கெர்னலுக்குள்ள மென்பொருளா எழுதி வெச்சா அதுதான் பிரிட்ஜ். ஒரு சர்வர்ல பத்து விஎம் ஓடுதுன்னா ஒவ்வொண்ணுக்கும் ஒரு டாப் இன்டர்ஃபேஸ் இருக்கும். அந்தப் பத்தையும் சர்வரோட நிஜ நெட்வொர்க் கார்டையும் ஒரே பிரிட்ஜ்ல கோத்து விட்டா, பத்து விஎம்மும் ஆபீஸ் நெட்வொர்க்ல தனித்தனி மெஷின் மாதிரி நிக்கும். எந்த மேக் அட்ரஸ் எந்தப் போர்ட் பக்கம் இருக்குங்கறதை பிரிட்ஜ் தானே பாத்து ஒரு டேபிள்ல எழுதிக்கும். 300 செகண்டு அந்த அட்ரஸ்கிட்ட இருந்து சத்தமே இல்லைன்னா அந்த வரியை அழிச்சிடும். தெரியாத அட்ரஸுக்கு வந்த ஃபிரேமையும், எல்லாருக்கும்னு வந்த பிராட்காஸ்டையும், வந்த போர்ட்டைத் தவிர மத்த எல்லாப் போர்ட்லயும் தள்ளி விடும்.

இந்தக் கடைசி வரிதான் வில்லன். ஞாபகம் வெச்சுக்கங்க.

2023 ஆகஸ்ட், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். ஓஎம்ஆர்ல எங்க ஆபீஸ், பேர் வேணாம். டெஸ்ட் லேப்ல ஒரு கேவிஎம் சர்வர், அதுல ரெண்டு நெட்வொர்க் கார்டு, ஒண்ணுலதான் கேபிள். அந்தக் கேபிளோட கிளிப் ஒடைஞ்சு அடிக்கடி லூசாகி ராத்திரி ஓடற டெஸ்டெல்லாம் பாதில நிக்கும். கான்டிராக்ட்ல ஒரு பையன் இருந்தான். அம்பாசமுத்திரம் பக்கம், வேலைக்கு வந்து ஏழு மாசம். இந்தத் தொல்லையை ஒழிக்கணும்னு நல்ல எண்ணத்தோட ஒரு காரியம் பண்ணினான். ரெண்டாவது கார்டுக்கும் அதே சுவிட்ச்ல இருந்து ஒரு கேபிள் இழுத்து, அந்தக் கார்டையும் அதே பிரிட்ஜ்ல சேத்துட்டான். ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்கட்டுமேன்னு. லேப்ல இருந்தது எந்த செட்டிங்கும் இல்லாத சாதா சுவிட்ச். ஊர்ல எந்தக் கடையிலயும் கிடைக்கற டைப்பு.

எண்டர் தட்டின கொஞ்ச நேரத்துல லேப் போச்சு. அந்த சுவிட்ச்ல இருந்து மேல போற கேபிள் வழியா எங்க மாடி முழுக்கப் போச்சு. ஐபி ஃபோனெல்லாம் செத்துது. மீட்டிங் ரூம்ல ஒரு கஸ்டமர் டெமோ நடுவுல அப்படியே உறைஞ்சு நின்னுது. உச்சக்கட்டக் காமெடி என்னன்னா, லேப் கதவோட கார்டு ரீடரும் அதே நெட்வொர்க்ல இருந்தது. பையன் பயந்து போய் எங்களைக் கூப்பிட வெளிய ஓடி வந்துட்டான், கதவு பின்னால மூடிக்கிச்சு. புடுங்க வேண்டிய கேபிள் உள்ள, புடுங்க வேண்டிய நாங்க வெளிய. கண்ணாடி வழியா சுவிட்ச்ல எல்லா லைட்டும் ஒண்ணா மின்னறதைப் பாத்துக்கிட்டு நின்னோம், தீபாவளி மாதிரி. செக்யூரிட்டி அண்ணன் கீழ போய் சாவி எடுத்துட்டு வர இருபது நிமிஷம் ஆச்சு.

உள்ள போய்ப் பாத்தா கன்சோல் பூரா ஒரே மெசேஜ். 'ரிசீவ்ட் பாக்கெட் ஆன் ஈத்1 வித் ஓன் அட்ரஸ் ஆஸ் சோர்ஸ் அட்ரஸ்'. நான் எழுதிப் போட்ட லெட்டர் எனக்கே திரும்பி வருதுன்னு கெர்னல் கதறிக்கிட்டு இருக்கு. ரெண்டாவது கேபிளை உருவினதும் எல்லாம் அடங்கிடுச்சு.

திங்கக்கிழமை மீட்டிங். ரிப்போர்ட்ல மூலகாரணம்னு ஒரு கட்டம் இருக்கில்லையா, அதுல 'கான்டிராக்ட் ஊழியரின் கவனக்குறைவு'ன்னு எழுதி மூடிட்டாங்க. அக்டோபரோட முடிய இருந்த அவன் கான்டிராக்டை நீட்டிக்கலை.

அவன் என்ன கவனக்குறைவா இருந்தான்? எங்க உள் விக்கில விஎம் ஹோஸ்டுக்கு பிரிட்ஜ் அமைக்கறது பத்தி ஒரு பக்கம் இருக்கு. அதைத் திறந்து வெச்சுக்கிட்டு வரிக்கு வரி அடிச்சிருக்கான். சொன்னதைச் செஞ்சிருக்கான். அதுல மூணாவது வரி, எஸ்டிபி ஆஃப்.

என்ன நடந்துதுன்னு பாப்போம். ஐபி பாக்கெட்டுக்கு டிடிஎல்னு ஒரு ஆயுசுக் கணக்கு உண்டு. ஒவ்வொரு ரவுட்டரைத் தாண்டும்போதும் ஒண்ணு குறையும், ஜீரோ ஆனா செத்துடும். ஈதர்நெட் ஃபிரேமுக்கு அப்படி ஒரு கணக்கே கிடையாது. அது பாட்டுக்கு சுத்திக்கிட்டே இருக்கும். விஎம் ஒண்ணு 'இந்த ஐபி யாரோடது'ன்னு ஒரு ஏஆர்பி கேள்வியை பிராட்காஸ்டா கேக்குது. பிரிட்ஜ் அதை ஈத்0 வழியாவும் அனுப்புது, ஈத்1 வழியாவும் அனுப்புது. சுவிட்ச் ஈத்0ல வந்ததை ஈத்1 பக்கம் தள்ளுது, ஈத்1ல வந்ததை ஈத்0 பக்கம் தள்ளுது. பிரிட்ஜுக்கு அது புது பிராட்காஸ்ட் மாதிரி தெரியும், திரும்பவும் தள்ளும். ஒரே கேள்வி, ரெண்டு காப்பி, எதிரெதிர் திசையில, முடிவே இல்லாம. ஒவ்வொரு சுத்துக்கும் மத்த எல்லாப் போர்ட்லயும் ஒரு காப்பி துப்பிட்டுப் போகும். அடுத்த ஏஆர்பி வந்தா இன்னும் ரெண்டு சேரும். கம்பி தாங்கற அளவு நிரம்பற வரைக்கும் இது ஏறிக்கிட்டே போகும். நடுவுல மேக் டேபிள் வேற, ஒரே அட்ரஸ் இந்தப் பக்கம் இருக்கு, இல்லை அந்தப் பக்கம் இருக்குன்னு மாத்தி மாத்தி எழுதிக்கிட்டு பைத்தியம் பிடிச்ச மாதிரி ஆயிடும்.

இந்தப் பிரச்சனை நேத்து கண்டுபிடிச்சது இல்லைங்க. 1985லயே தீர்வு வந்தாச்சு. டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன்ல இருந்த ராடியா பெர்ல்மன் எழுதின ஸ்பானிங் ட்ரீ. அந்தம்மாவே பல இடத்துல சொல்லியிருக்கற கதை இது. மேனேஜர் வெள்ளிக்கிழமை இந்தக் கணக்கைக் கொடுத்துட்டு ஒரு வாரம் லீவுல போயிட்டார். அன்னிக்கு ராத்திரியே இவங்களுக்கு விடை தெரிஞ்சு போச்சு. திங்கள், செவ்வாய் ரெண்டு நாள்ல ஸ்பெக் எழுதி முடிச்சாச்சு. மேனேஜர் திரும்பி வரணுமே, மிச்ச வாரம் வேற வேலை ஓடலைன்னு அதே அல்காரிதத்தைப் பத்தி ஒரு கவிதை எழுதிட்டாங்க. நாமளும் வெள்ளிக்கிழமை ராத்திரி முழிச்சுத்தான் இருக்கோம், என்னத்தைச் செய்யறோம்கறது வேற கதை. 1990ல அது ஐஇஇஇ 802.1டி ஸ்டாண்டர்டு ஆச்சு. லினக்ஸ் பிரிட்ஜுக்குள்ள இன்னிக்கும் இருக்கு.

வேலை செய்யற விதம் எளிமையானது. எல்லா பிரிட்ஜும் ரெண்டு செகண்டுக்கு ஒரு தடவை பிபிடியூன்னு ஒரு சின்ன ஃபிரேமை அனுப்பும். யார் ஐடி சின்னதோ அவர்தான் ரூட். ரூட்டுக்குப் போக ரெண்டு வழி இருந்தா ஒண்ணை வெச்சுக்கிட்டு மத்ததை அடைச்சிடும். எங்க லேப்ல எஸ்டிபி ஆன்ல இருந்திருந்தா? ஈத்0ல அனுப்பின தன்னோட பிபிடியூ ஈத்1ல வந்து நின்னிருக்கும். ரெண்டு கேபிளும் ஒரே இடத்துக்குத்தான் போகுதுன்னு புரிஞ்சு, பிரிட்ஜ் ஒண்ணை பிளாக் பண்ணியிருக்கும். முதல் கேபிள் லூசானா ரெண்டாவது தானா திறந்திருக்கும். அதாவது அந்தப் பையன் என்ன நினைச்சானோ அதுவே நடந்திருக்கும். டெமோ ஓடியிருக்கும். அவனுக்கு ஒரு சபாஷ் கூட கிடைச்சிருக்கலாம்.

சரி, அப்ப ஏன் எல்லாரும் ஆஃப் பண்ணச் சொல்றாங்க? எதிர்க்கட்சி வாதத்தையும் நியாயமா எடுத்து வைக்கறேன்.

வாதம் ஒண்ணு, அந்த முப்பது செகண்டு. எஸ்டிபி ஆன்ல இருந்தா புதுசா சேர்ற போர்ட் உடனே வேலை செய்யாது. 15 செகண்டு கேட்டுக்கிட்டு இருக்கும், 15 செகண்டு அட்ரஸ் கத்துக்கும், அப்புறம்தான் ஃபிரேமைக் கடத்தும். அதுக்குள்ள விஎம் பூட் ஆகி டிஹெச்சிபி கேட்டு, பதில் வரலைன்னு கோச்சுக்கிட்டு உக்காந்துடும். நெட்வொர்க் வழியா பூட் ஆகற விஎம்னா இன்னும் மோசம். இது நிஜமான எரிச்சல்தான், எனக்கும் பட்ட அனுபவம் இருக்கு. ஆனா இதுக்கு மருந்து ஃபார்வர்டு டிலேயைக் குறைக்கறது. எஸ்டிபி ஆன்ல இருக்கும்போதே லினக்ஸ் ரெண்டு செகண்டு வரைக்கும் இறங்க விடும். நம்ம பிரிட்ஜ் ரூட்டா இல்லாம மாடியில இருக்கற பெரிய சுவிட்ச் ரூட்டா இருந்தா அது சொல்ற டைமர்தான் செல்லும், அப்ப இந்த மருந்து வேலை செய்யாது. அதுக்கு எம்எஸ்டிபிடின்னு ஒரு டீமன் இருக்கு. கெர்னல்ல இருக்கறது பழைய 802.1டி மட்டும்தான், 2001ல வந்த வேகமான ஆர்எஸ்டிபி வேணும்னா இந்த டீமனை வெச்சு விஎம் போர்ட்டையெல்லாம் எட்ஜ் போர்ட்டுன்னு அறிவிச்சுடலாம், காத்திருக்கவே வேணாம். தலைவலிக்கு மாத்திரை இருக்கும்போது தலையை ஏன்யா எடுக்கறீங்க?

வாதம் ரெண்டு, பிபிடியூ கார்டு. பெரிய ஆபீஸ்ல நெட்வொர்க் டீம் ஆளுங்க, சர்வர் மாட்டற போர்ட்ல பிபிடியூ வந்தா அந்தப் போர்ட்டையே அணைச்சிடற மாதிரி வெச்சிருப்பாங்க. நம்ம பிரிட்ஜ் எஸ்டிபி பேச ஆரம்பிச்சதும் டப்புனு கதவைச் சாத்திடுவாங்க. இதுதான் எதிர்க்கட்சியோட பலமான வாதம், ஒத்துக்கறேன். ஆனா இதுல இருந்து என்ன தெரியுது? அந்த ஊர்ல உங்களுக்கு பதிலா லூப்பைப் பாத்துக்க வேற ஆள் இருக்கார்னு தெரியுது. எஸ்டிபி ஆஃப்ல இருக்கற லினக்ஸ் பிரிட்ஜ், வந்த பிபிடியூவைத் தான் தின்னாம அடுத்த பக்கம் கடத்தி விட்டுடும். லூப் வந்தா சுவிட்ச் அனுப்பினது சுவிட்சுக்கே திரும்பிப் போய் அது போர்ட்டை மூடிடும். அங்க ஆஃப் பண்ணுங்க, நான் குறுக்க நிக்கலை. எங்க லேப் சாதா சுவிட்சுக்கு பிபிடியூன்னா என்னன்னே தெரியாது. அந்த ஊர் செய்முறையை இந்த ஊருக்குக் காப்பி அடிச்சதுதான் வினை.

வாதம் மூணு, நம்ம சர்வர் தெரியாத்தனமா ரூட் ஆயிடுமேன்னு பயம். பிரையாரிட்டி எல்லாருக்கும் 32768ன்னு இருந்தா மேக் அட்ரஸ் சின்னதா இருக்கறவர் ஜெயிச்சுடுவார், பஞ்சாயத்துத் தேர்தல் மாதிரி. உங்க பிரிட்ஜோட பிரையாரிட்டியை 61440ன்னு ஏத்தி விடுங்க, டெபாசிட் போயிடும். ஒரே ஒரு வரி. இதுக்காகவெல்லாம் ஆஃப் பண்றதுன்னா என்னத்தைச் சொல்ல.

இன்னொரு பக்கமும் சொல்லிடறேன், இல்லைன்னா நாளைக்கு யாராவது வந்து சட்டையைப் பிடிப்பீங்க. பிரிட்ஜ்ல நிஜ கார்டு ஒண்ணே ஒண்ணுதான், மத்ததெல்லாம் விஎம், எந்த விஎம்மும் தனக்குள்ள இன்னொரு பிரிட்ஜ் போடப் போறதில்லைன்னா, லூப் உருவாக வழியே இல்லை. ஆஃப்ல வெச்சா ஒண்ணும் குடி முழுகாது. கார்டு ரெண்டு வேணும்னா பாண்டிங் போட்டு, ரெண்டையும் ஒரே கார்டா ஆக்கி, அந்த பாண்டை பிரிட்ஜ்ல சேருங்க. ஆக்டிவ் பேக்கப் மோடுக்கு சுவிட்ச் பக்கம் எந்த ஒத்துழைப்பும் தேவையில்லை, எங்க லேப் சாதா சுவிட்சே போதும். பையன் பண்ணியிருக்க வேண்டியது இதுதான். ஆனா இந்த ரெண்டு வாக்கியம் அந்த விக்கிப் பக்கத்துல இருந்திருந்தாத்தானே பண்ணுவான்? 'இந்த பிரிட்ஜ்ல எஸ்டிபி ஆஃப், அதனால ரெண்டாவது கார்டை நேரா சேக்காதே'ன்னு ஒரு வரி. யாரும் எழுதலை.

இதுல இன்னொரு கொடுமை, இந்த பிரிட்ஜை நிர்வாகம் பண்ண எத்தனை பேர் போட்டி போடறாங்கங்கறது. கெர்னல் ஒண்ணுதான். பிரிட்ஜ் ஒண்ணுதான். ஐபி லிங்க் கமாண்டால நேரா உருவாக்கினா எஸ்டிபி ஆஃப். டெபியன்ல பழைய இன்டர்ஃபேசஸ் ஃபைல்ல எழுதினா, சொல்லாத வரைக்கும் ஆஃப். உபுண்டுவோட நெட்பிளான்ல எழுதினா, சொல்லாத வரைக்கும் ஆன். நெட்வொர்க் மேனேஜர் வழியா என்எம்சிஎல்ஐல போட்டா ஆன். சிஸ்டம்டி நெட்வொர்க்டில போட்டா, வாயைத் திறக்காம கெர்னல் என்ன வெச்சிருக்கோ அதுவே, அதாவது ஆஃப். லிப்வர்ட் தானா உருவாக்கற நெட்வொர்க்ல ஆன். பிராக்ஸ்மாக்ஸ் இன்ஸ்டால் பண்ணினா ஃபைல்லயே எஸ்டிபி ஆஃப்னு எழுதிக் கொடுத்துடும். ஆக, ஒரே சர்வரை உபுண்டுவுல இருந்து டெபியனுக்கு மாத்தி, மத்ததெல்லாம் அதே மாதிரி எழுதினாலும், லூப்பைத் தடுக்கற பூட்டு சத்தமில்லாம திறந்துக்கும். யாரும் உங்ககிட்ட கேக்கவும் மாட்டாங்க, சொல்லவும் மாட்டாங்க. இதை டிசைன்னு சொல்றாங்க.

அதனால எந்தக் கருவியை வேணா பிடிச்சுக்கங்க, சண்டை இல்லை. ஆனா ஒரு பிரிட்ஜுக்கு ஒரே ஒரு முதலாளி. நெட்வொர்க் மேனேஜரும் நெட்வொர்க்டியும் ஒரே பிரிட்ஜைப் பிடிச்சு இழுத்தா ரெண்டு மாமியார் இருக்கற வீடு மாதிரிதான். எஸ்டிபி ஆனா ஆஃபாங்கறதை, டீஃபால்ட் எதுவா இருந்தாலும் சரி, கைப்பட எழுதுங்க. எழுதி முடிச்சதும் கெர்னல் கிட்டயே போய்க் கேளுங்க. ஐபி -டி லிங்க் ஷோ பிஆர்0ன்னு அடிச்சா எஸ்டிபி_ஸ்டேட்டுன்னு ஒரு எண் வரும். 0ன்னா ஆஃப், 1ன்னா கெர்னலே பாத்துக்குது, 2ன்னா எம்எஸ்டிபிடி மாதிரி வெளியாள் பாத்துக்கறார். கான்ஃபிக் ஃபைல் சொல்றது நம்ம ஆசை, இந்த எண் சொல்றதுதான் நடப்பு.

அப்புறம் இந்த பிஆர்சிடிஎல். அய்யா சாமிகளா, அதை விட்டுடுங்களேன். அந்த பழைய செய்முறையெல்லாம் இன்னும் பிஆர்சிடிஎல் ஆட்பிஆர்னுதான் ஆரம்பிக்குது. தாத்தா காலத்துக் கமாண்டு, நல்லா உழைச்சுது, மரியாதை உண்டு. ஆனா அதோட மேன் பக்கத்துலயே நான் காலாவதின்னு அதுவே எழுதி வெச்சிருக்கு. 2019ல வந்த ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 8ல அந்தப் பேக்கேஜே கிடையாது. பிரிட்ஜ்லயே வீலான் பிரிக்கற வசதி 2013ல 3.9 கெர்னல்ல வந்தாச்சு, பிஆர்சிடிஎல்லுக்கு அதைப் பத்தி ஒண்ணுமே தெரியாது. நம்ம கதைக்குத் தேவையான முக்கியமான விஷயம் ஒண்ணு. ஐபிரூட்2வோட வர்ற பிரிட்ஜ் கமாண்டுல ஒவ்வொரு போர்ட்டுக்கும் கார்டுன்னு ஒரு சுவிட்ச் உண்டு. விஎம் போர்ட்ல பிரிட்ஜ் லிங்க் செட் டெவ், போர்ட் பேர், கார்டு ஆன்னு போட்டு வெச்சா, எஸ்டிபி ஓடற பிரிட்ஜ்ல அந்த விஎம் உள்ள இருந்து ஒரு பிபிடியூ வந்தாலே அந்தப் போர்ட் மட்டும் அணைஞ்சிடும், மத்தவங்க பிழைப்பாங்க. பிஆர்சிடிஎல்ல இதை வேணும்னேதான் சேக்கலை, புதுக் கமாண்டுக்கு வாங்கன்னு. நாமதான் போக மாட்டேங்கறோம்.

இதெல்லாம் செய்யப் போறவங்களுக்கு, போற போக்குல ரெண்டு எச்சரிக்கை. எஸ்எஸ்ஹெச்ல உக்காந்துக்கிட்டு, ஐபி அட்ரஸ் இருக்கற ஈத்0வை பிரிட்ஜ்ல சேக்காதீங்க. சேத்த நொடியே அந்தக் கார்டுக்கு வர்றதெல்லாம் பிரிட்ஜ் கைக்குப் போயிடும், அட்ரஸ் ஈத்0லயே அனாதையா நிக்கும், நீங்க வெளிய. அட்ரஸ் பிரிட்ஜ் மேலதான் இருக்கணும். அதனால எல்லாத்தையும் கான்ஃபிக்ல எழுதி ஒரே மூச்சுல மாத்துங்க, இல்லைன்னா நேர்ல கன்சோலுக்குப் போங்க. நெட்பிளான்ல ட்ரைன்னு ஒண்ணு இருக்கு, குறிப்பிட்ட நேரத்துக்குள்ள நீங்க எண்டர் தட்டலைன்னா பழைய நிலைக்குப் போகப் பாக்கும். ஆனா பிரிட்ஜ், பாண்டோட செட்டிங்கையெல்லாம் திருப்ப அதால முடியாதுன்னு அதுவே சொல்லிடும். நமக்கு எது வேணுமோ அது இல்லை பாருங்க. ரெண்டாவது, அதே சர்வர்ல டாக்கர் போட்டதும் விஎம்முக்கெல்லாம் நெட்வொர்க் போயிடுச்சுன்னா பிரிட்ஜைத் திட்டாதீங்க. பிரிட்ஜ்ல போற ஃபிரேமையும் ஐபிடேபிள்ஸ் வழியா இழுக்கற பிஆர்_நெட்ஃபில்டர் மாட்யூல் லோடு ஆகியிருக்கும், 2017ல வந்த 1.13ல இருந்து டாக்கர் ஃபார்வர்டு பாலிசியை டிராப்புன்னு ஆக்கிடும். ரெண்டும் சேந்தா விஎம் கதி அதோகதி. இது தனிக் கதை, இன்னொரு நாள்.

எஸ்டிபிக்கு எதிரா பேசறவங்க கடைசியா ஒரு பிரம்மாஸ்திரம் எடுப்பாங்க. பாஸ்டன். 2002 நவம்பர்ல பாஸ்டன்ல பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையோட நெட்வொர்க் நாலு நாள் படுத்துது. டாக்டருங்க, நர்ஸுங்க எல்லாம் பேப்பருக்கும் பேனாவுக்கும் திரும்பினாங்க. லேப் ரிசல்ட்டைக் கையில தூக்கிக்கிட்டு ஓடினாங்க. அங்க ஸ்பானிங் ட்ரீ ஆன்லதான் இருந்தது, பாத்தியா, அதுதான் காலை வாரிச்சுன்னு சொல்லுவாங்க. வாரினது உண்மைதான். எப்படி வாரிச்சுங்கறதையும் சேத்துச் சொல்லணும். ஒரு முனையில இருந்து இன்னொரு முனைக்கு ஏழு ஹாப்புக்கு மேல போகக் கூடாதுங்கறது ஸ்டாண்டர்டுல இருக்கற பரிந்துரை. அந்த நெட்வொர்க் வருஷக்கணக்கா ஒண்ணோட ஒண்ணு ஒட்டுப் போட்டு அந்த எல்லையைத் தாண்டி வளந்திருந்தது. பாரம் ஏறின அன்னிக்கு ட்ரீயால கணக்குப் போட முடியலை. அங்க தகவல் தொழில்நுட்பத் தலைவரா இருந்த ஜான் ஹலம்கா இதை மூடி மறைக்காம எல்லா இடத்துலயும் போய்ப் பேசினார், மத்த மருத்துவமனைக்காரங்க கத்துக்கட்டும்னு. அவர் யாரையும் கைகாட்டலை. நாலு நாள் ஒரு மருத்துவமனையையே நிறுத்தின ஒரு கோளாறுக்கு அங்க தலைவரே முன்னாடி வந்து நின்னார். இருபது நிமிஷம் ஒரு மாடியை நிறுத்தினதுக்கு எங்க ஆபீஸ்ல ஏழு மாசக் கான்டிராக்ட் பையன்.

இப்ப மீதிக் கோவம் யார் மேலன்னு சொல்லணும்.

அந்த விக்கிப் பக்கத்தை எழுதினது நான்தான். 2019ல வேலைக்குச் சேந்து மூணாவது மாசம். லேப்ல விஎம் டிஹெச்சிபி கிடைக்காம நின்னுது, இணையத்துல தேடினேன், இதே மாதிரி ஒரு அஞ்சு நிமிஷ செய்முறை கிடைச்சுது, போட்டேன், வேலை செஞ்சுது. எஸ்டிபின்னா என்னன்னு காலேஜ்ல ஆறாவது செமஸ்டர்ல படிச்சு, படம் போட்டு பதினாறு மார்க் வாங்கினவன்தான். அந்த எஸ்டிபியும் இந்த எஸ்டிபியும் ஒண்ணுன்னு அன்னிக்கு மண்டையில உறைக்கவே இல்லை. புதுசா வர்றவங்களுக்கு உதவியா இருக்கும்னு விக்கில ஏத்தினேன். நாலு பேர் நல்லாருக்குன்னு சொன்னாங்க. அப்ப ரொம்பப் பெருமையா இருந்தது.

திங்கக்கிழமை மீட்டிங்ல அந்தப் பக்கத்தைத் திரையில போட்டாங்க. கீழ எழுதினவர் பேர் தெரியற அளவுக்கு யாரும் ஸ்க்ரோல் பண்ணலை. நானும் வாயைத் திறக்கலை. செவ்வாய்க்கிழமை மேனேஜர் கிட்ட தனியா போய்ச் சொன்னேன். அவர், சரி விடுங்க, ரிப்போர்ட் போயாச்சு, பக்கத்தைத் திருத்திடுங்கன்னார். அந்தப் பையனுக்கும் ஃபோன் பண்ணிச் சொன்னேன். "பரவால்லண்ணே, ரெண்டாவது கேபிள் போட்டது நாந்தானண்ணே"ன்னான். அதுக்கு மேல என்ன பேசறதுன்னு எனக்குத் தெரியலை. இப்ப கோயமுத்தூர்ல ஒரு கம்பெனியில இருக்கான், நெட்வொர்க் வேலைதான்.

பக்கத்தை அன்னிக்கே திருத்தியாச்சு. எஸ்டிபி ஆன், பிரையாரிட்டி 61440, ரெண்டு கார்டுன்னா பாண்டிங், ஒவ்வொரு வரிக்கும் பக்கத்துல ஏன்னு ஒரு விளக்கம். நாலு வரி இருந்த பக்கம் இப்ப மூணு ஸ்க்ரீன் நீளம். ரொம்ப நீளமா இருக்கு, சுருக்கிப் போடுங்களேன்னு போன மாசம் ஒருத்தர் மெயில் அனுப்பினார். முடியாதுன்னு பதில் போட்டேன். ஹிஸ்டரியைத் திறந்தா பழைய நாலு வரியும் என் பேரோட அப்படியே இருக்கு. அட்மின் கிட்ட சொன்னா அழிச்சுக் கொடுப்பார். நான் கேக்கலை.